வெயிலில் வைத்தது யார்?

ஜரீனா ஆபா இறந்துபோன செய்தி எனக்குக் கம்பெனியின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மதிய மணி அடித்ததும் லாக்கரைத் திறந்து செல்போனை எடுத்தேன். மேலே ஒரு மெழுகுவர்த்திப் படம். கீழே, "பேக்கிங் பிரிவில் பணியாற்றி வந்த ஜரீனா பேகம் அவர்கள் இன்று காலை காலமானார். ஆழ்ந்த இரங்கல்." அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பேக்கிங் பிரிவாம்! எங்கள் கம்பெனியின் பழைய ஆட்களுக்கு ஆபா யார் என்று தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்கள் படித்தாலும் நல்லதுதான்.

எங்கள் ஷூ கம்பெனியிலிருந்து சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களுக்கு இங்கிலீஷில் போன மெயில் எல்லாம் ஒரு காலத்தில் ஆபா எழுதியவை. ஆர்டர் வந்தால் நன்றி, சரக்கு தாமதமானால் மன்னிப்பு, குறை வந்தால் சமாதானம். மாடியில் ஜன்னல் ஓரமாக அவர் மேசை. கீழே தையல் லைனில் நான். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்து, தினமும் ரயிலேறி ஆம்பூருக்கு வந்து, ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைனில் தையற்காரியாகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவள். பையருக்குப் போகிற சாம்பிள்களை மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு இருந்தது. அப்படித்தான் பழக்கம். என்னைவிட சில வயது மூத்தவர். உருதுவில் அக்காவை ஆபா என்பார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் ஆபாதான், முதலாளிக்கு மட்டும் ஜரீனா.

அன்று பர்மிஷன் போட்டுவிட்டு அவர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஆபா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் குடும்பத்தோடுதான் இருந்தார். உள்கூடத்தில் பெண்கள் மட்டும். வெள்ளைத் துணியை விலக்கி முகம் காட்டினார்கள். அவ்வளவு சின்ன முகமாக அது எப்போது ஆனது என்று தெரியவில்லை. ஜனாஸாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தெருவில் இறங்கியபோது வாசலிலிருந்து பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில், தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாதபடி தனபால் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஃபினிஷிங் பிரிவில் தோலுக்குக் கலர் போடுகிறவர். வந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நான் ஏன் நினைத்தேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆபாவுக்கு வார்த்தைப் பைத்தியம். அவருடைய அப்பா தோல் வியாபாரத்தில் நொடித்துப்போய், பிள்ளைகளுக்கு மிச்சம் வைத்தது ஒரு தடித்த இங்கிலீஷ் அகராதி. வார்த்தைக்கு அர்த்தம் மட்டுமல்ல, அது எந்த ஊரில் பிறந்து யார் யார் வீட்டில் வளர்ந்தது என்றும் அதில் போட்டிருக்கும். தபாலில் எம்.ஏ. படித்ததும் அதை வைத்துத்தான் என்பார். சாப்பாட்டு வேளையில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரு வார்த்தையையும் திறப்பார். "இன்னிக்கு இவனோட பூர்வீகம் பாக்கலாம்" என்று ஆரம்பிப்பார். எனக்குப் பாதி புரியும், பாதி புரியாது. நான் கேட்பது அவருக்கு வேண்டியிருந்தது, அவர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. பாடம் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. ஊறுகாய் மாதிரி அதுவும் ஒரு தொட்டுக்கொள்கிற சமாசாரம், அவ்வளவுதான்.

ஒரு நாள் 'ஃபேடு' வந்தது. கலர் மங்குவதற்குக் கம்பெனியில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், படிக்காதவர்களும் சொல்வார்கள். "உங்க வீட்ல இதுக்கு இன்னா சொல்லுவீங்க கௌரி?" என்று கேட்டார்.

"சாயம் போய்ட்ச்சுன்னு சொல்லுவோம் ஆபா."

"எங்க போய்ட்ச்சு?"

"தண்ணிக்குத்தான். லுங்கிய அலசினா பக்கெட்ல தெரியுமே, சிவப்பா."

"லுங்கிக்கு பக்கெட் இருக்கு. தோலு வெயில்ல கெடந்து மங்குதே, அந்தக் கலர் எந்த பக்கெட்டுக்குப் போச்சு?"

அவர் சிரித்தார். "எங்க உருதுல ரங்க் உட் கயான்னு சொல்லுவாங்க. நிறம் பறந்துட்ச்சுன்னு அர்த்தம். பயத்துல மூஞ்சி வெளுத்தாக்கூட அதான் சொல்றது. போற எடம் தெரியாததாலதான் பறந்துட்ச்சுன்னுட்டாங்க போல."

பிறகு அகராதிக் கதையைச் சொன்னார். ஃபேடு இங்கிலீஷ் வார்த்தையே இல்லையாம், பிரான்சிலிருந்து போனதாம். அங்கே அதற்கு வெளிறியது, பலமில்லாதது, உப்பு சப்பில்லாதது என்று பொருள். அதற்கும் முன்னால் லத்தீனில் அசடு என்ற வார்த்தையும் ஆவி போனது என்ற வார்த்தையும் கலந்து பிறந்திருக்கலாம் என்கிறார்களாம், பண்டிதர்களுக்கே அதில் நிச்சயமில்லையாம். முதலில் பூ வாடுவதற்குச் சொன்னார்கள். அப்புறம் கலருக்கு, அப்புறம் சத்தத்துக்கு, ஞாபகத்துக்கு. மலைப்பாதையில் இறங்குகிற லாரிக்கு பிரேக் பிடிக்காமல் போவதற்கும் அதே வார்த்தை. சினிமாவில் காட்சி முடிந்து திரை மெல்ல இருட்டாவதற்கும் அதே வார்த்தை.

"சலூன்லயும் அதான் ஆபா" என்றேன். பைபாஸ் ரோட்டுக் கடையில் 'ஃபேடு கட்டிங்' என்று போர்டு மாட்டியிருந்தார்கள். காதுக்கு மேலே சிரைத்து, போகப் போக முடியை விடுகிற வெட்டு. ஆபாவின் அண்ணன் மகன் அப்போதுதான் அதைச் செய்துகொண்டு வந்து வீட்டில் திட்டு வாங்கியிருந்தான். ஆபா சோற்றை விழுங்க முடியாமல் சிரித்தார். "பிரான்ஸ்லேர்ந்து கெளம்பி ஆம்பூர் சலூனுக்கு வந்து சேந்துட்டான் பாரு, பாவி" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நினைத்தால் எனக்கு அந்த மதியம்தான் ஞாபகம் வருகிறது.

இனி அந்த ஃபிரேம் விஷயம். தோல் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பையர் ஒரு கலருக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டால், அந்தத் தோலில் ஒரு துண்டை இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதி அவரிடம், ஒரு பாதி நம்மிடம். நம்முடைய பாதியைக் கறுப்புக் கவரில் போட்டு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். வெளிச்சம் படக் கூடாது. பிறகு எத்தனை ஆர்டர் வந்தாலும் அந்தத் துண்டோடு ஒப்பிட்டுத்தான் கலர் போடுவார்கள். அதுதான் சட்டம், அதுதான் சாட்சி.

முதலாளியின் மகனை நாங்கள் சின்னவர் என்போம். படித்துவிட்டு வந்து அவர் பிடித்த முதல் பெரிய ஆர்டர் ஒரு ஜெர்மனி பையருடையது. வெல்லப்பாகும் காப்பிக்கொட்டையும் கலந்த மாதிரி ஒரு பழுப்பு. சின்னவருக்குத் தலைகால் புரியவில்லை. பீரோவில் இருக்க வேண்டிய துண்டை எடுத்துக் கண்ணாடி ஃபிரேம் போட்டு, தன் கேபினில் மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். மாலை போடாத குறைதான். ஆம்பூர் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. அது தினமும் பொழுது சாயும்வரை அந்த ஃபிரேமில் விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த வருஷம் அதே ஷூவுக்கு மறுபடி ஆர்டர் வந்தது. சாமி படத்தைத் தூக்கிப்போவது போல அந்த ஃபிரேமையே இறக்கி, கீழே ஃபினிஷிங்கில் தனபாலிடம் கொடுத்தார்கள். தனபால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே போலக் கலர் போட்டார். ஒப்பிட்டவர்களும் அதோடுதான் ஒப்பிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஃபிரேம் மறுபடியும் சுவருக்குப் போனது, சரக்கு கப்பலுக்குப் போனது. கொஞ்ச நாளில் பையரிடமிருந்து மெயில் வந்தது. கலர் ஃபேடு ஆகிவிட்டது, ஒரு ஜோடியைத் திருப்பி அனுப்புகிறேன், மொத்தச் சரக்கும் வேண்டாம் என்று. அந்த ஜோடியோடு தன்னிடமிருந்த தோல் துண்டையும் ஒப்பிடுவதற்காக வைத்து அனுப்பியிருந்தார்.

கான்பரன்ஸ் ரூமில் கூடினோம். முதலாளி, சின்னவர், தனபால், மெயில் எழுத ஆபா. பார்சலைப் பிரித்து மேசையில் வைக்க நான். பையரின் துண்டு கறுத்த பழுப்பு, ஷூ அதன் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றது. முதலாளி பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். கலர் நிலைக்கப் போடுகிற கெமிக்கலைத் தனபால் குறைத்துவிட்டார், அதனால் கப்பலில் போவதற்குள் மங்கிவிட்டது என்று.

"ஜரீனா, எழுதிடும்மா. எங்க ஆளு பண்ண தப்பு, அவன வேலைய விட்டு எடுத்துட்டோம்னு எழுது" என்றார். தனபாலைப் பார்க்காமலே, "நீ இன்னிக்கே கெளம்பிடுப்பா" என்றார்.

"சார், கெமிக்கல்ல ஒரு சொட்டு கம்மி பண்ணல சார்" என்றார் தனபால். அவருக்கு இரண்டு பெண்கள், பெரியவளுக்கு அப்போதுதான் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்மி பண்ணாம எப்பிடி ஃபேடு ஆவும்?" என்றார் சின்னவர்.

ஆபா பேனாவை மூடி வைத்தார். "எழுதறேன் சார். அதுக்கு முன்னால ஒரே சந்தேகம். ஃபேடு ஆச்சுன்னு சொல்லணும்னா, முன்னால ஒரு கலர் இருந்திருக்கணும். இருந்துச்சான்னு பாத்துட்டு எழுதறேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "கௌரி, அந்தச் சரக்குல நம்ம எடுத்து வெச்ச ஜோடி ஒண்ணு இருக்கும்ல?"

இருந்தது. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு ஜோடியைப் பெட்டியோடு அலமாரியில் வைத்திருப்போம். கொண்டுவந்து பிரித்தேன். வெளிச்சமே படாத அந்த ஜோடியும் திரும்பி வந்த ஜோடியும் ஒரே நிறம்.

"அப்போ ஷூ ஃபேடு ஆகல சார். கெளம்பும்போதே இப்பிடித்தான் போயிருக்கு" என்றார் ஆபா.

"பின்ன எது ஃபேடு ஆச்சு?" என்று முதலாளி கேட்டார்.

ஆபா எழுந்து சின்னவர் கேபினுக்குப் போய்ச் சுவரிலிருந்த ஃபிரேமைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேட்டுவிட்டு எடுக்கவில்லை. அதை என்னிடம் நீட்டினார். நூல் வெட்டுகிற கத்தரி எப்போதும் என் கழுத்தில் தொங்கும். அதன் முனையால் பின்பக்கத்து ஆணிகளை நெம்பி, கண்ணாடியை எடுத்து, தோலை மேசையில் போட்டேன். நடுவில் முழுக்க அந்த வெளிறிய நிறம். ஃபிரேமின் சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரம் மட்டும் நாலு பக்கமும் விரல் அகலத்துக்குக் கறுத்த பழுப்பு. பையரின் துண்டை ஆபா அதன் ஓரத்தில் வைத்தார். ஒட்டிப் பிறந்த மாதிரி சேர்ந்துகொண்டது. சின்னவரின் முகத்தைப் பார்த்தேன். ரங்க் உட் கயா.

சின்னவர்தான் முதலில் பேசினார். "வெயில்ல தானா ஃபேடு ஆயிருக்கு. இதுக்கு யாரு இன்னா பண்ண முடியும்?"

ஆபா அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தனபாலின் வேலை தப்பித்துவிட்டது, அது போதும் என்று இருந்திருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னார்: "வெயில் மேல இன்னா சார் தப்பு? அது அதோட வேலைய பாத்துச்சு. வெயில்ல வெச்சது யாருன்னுதான் பாக்கணும்."

முதலாளி அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீ போம்மா. மெயில நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த மெயில் எந்த வார்த்தைகளில் போனது என்று எங்களுக்குத் தெரியாது. தனபாலை அனுப்பவில்லை. ஆபாவையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

திட்டியிருந்தால் தேவலை. மாடியில் ஏசி மாட்ட வேண்டும் என்று முதலில் ஆபாவின் மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்தி நடைவழியில் போட்டார்கள். ஏசி மாட்டிய பிறகு மேசை திரும்பிப் போகவில்லை. பிறகு, ஆபாவுக்கு வேலை ஜாஸ்தி என்று உதவிக்கு ஒரு பையனைப் போட்டார்கள். மெயிலின் பாஸ்வேர்டு மாறியது. பையனுக்குத் தெரிந்திருந்தது, ஆபாவுக்குச் சொல்ல மறந்துவிட்டார்களாம். மீட்டிங்குக்குக் கூப்பிடுவது நின்றது. ஒரு நாள் எச்.ஆர். வந்து, பெட்டிகளில் ஒட்டுகிற ஸ்டிக்கரில் இங்கிலீஷ் தப்பாக வருகிறது, கொஞ்ச நாள் பேக்கிங்கில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். சம்பளம் அதேதான். மரியாதையும் அதே, ஆபா ஆபா என்றுதான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் என்றது முடியவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டேன். "அவங்களுக்கு அங்க நிம்மதியா இருக்கும்மா" என்றார். என்னை ஒன்றும் செய்யவில்லை. தையல் லைனில் என்னை எடுத்துவிட்டால் சரக்கு நின்றுவிடும் என்பதால்தான், பெரிய மனசால் இல்லை.

பேக்கிங்கில் நிற்கிற வேலை. ஆபா அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து ஸ்டிக்கர் பார்ப்பார். சாப்பாட்டுக்கு நான் அங்கே போவேன். அப்போதும் அவருக்குக் கிண்டல் குறையவில்லை. "சினிமால ஒரு ஆள கொல்லாம கதையிலேர்ந்து எடுக்கணும்னா இன்னா பண்ணுவான்? ஸ்கிரீன மெல்ல இருட்டாக்குவான். ஜனங்க எழுந்து போய்ட்டே இருப்பாங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"தனபால்ண்ணாகூட ஒரு வார்த்தை வந்து பேசலியே ஆபா" என்று ஒரு நாள் பொருமினேன். உண்மை. அவர் ஆபாவைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போய்விடுவார். கேண்டீனில் ஆபா இருந்தால் டீ குடிக்க வர மாட்டார். யாருக்காக இவ்வளவும் நடந்ததோ அவரே இப்படியா என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

"அவர விடு. எங்கூட பேசறத யாராவது பாத்தா அவருக்குத்தான் பேஜார்" என்றார் ஆபா. வருத்தம் இல்லாமல் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். வருத்தம் இருந்தது. சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிவிட்டார்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. வேலூருக்குக் கூட்டிப்போய்க் கரண்டு வைத்தார்கள், ரேடியேஷனை அப்படித்தான் சொல்வோம். கட்டி கரைந்தது, திரும்பி வந்தது, மறுபடி கரண்டு. முதலில் குரல் போனது. பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். அவர் எழுந்து உட்கார முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜும்மா தொழுகை முடிந்து அண்ணன் பிரியாணி வாங்கி வந்திருந்தார், கத்திரிக்காய்த் தொக்கோடு. ஆம்பூரில் பிறந்த உடம்பு, அந்த வாசனைக்கு எப்போதும் ஆபா முதல் ஆளாக வந்து உட்காருவார். அன்று குழையப் பிசைந்து ஒரு வாய் எடுத்தார். மென்றார். விழுங்கினார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என் காதைப் பிடித்து இழுத்தார்.

"மண்ணு மாதிரி இருக்குது கௌரி. உப்பும் இல்ல, காரமும் இல்ல. பிரான்ஸ்காரன் இன்னிக்கும் உப்பு சப்பில்லாத சோத்த ஃபேடுன்னுதான் சொல்றான். வார்த்தை பொறந்த வூட்டுக்கே வந்து சேந்துட்டேன் பாரு."

அவர் சிரித்தார், சத்தம் வரவில்லை. என்னால் சிரிக்க முடியவில்லை. பிரியாணியைத் தட்டில் அளைந்துகொண்டே அழுதேன். அண்ணன் மனைவி உள்ளே போய்விட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது அவரிடம் நான் அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். அன்றைக்கு அந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருந்திருந்தால் மாடியிலேயே இருந்திருப்பீர்களே ஆபா, இவ்வளவு மனக்கஷ்டம் இல்லாமல் இருந்திருக்குமே என்று. அவர் கையசைத்துக் கூப்பிட்டார்.

"நோவு எப்பிடி வந்துச்சுன்னு நான் யாரையும் கேக்க மாட்டேன். அது அல்லாவுக்கும் எனக்கும் நடுவுல. ஆனா என்ன பேக்கிங்ல கொண்டுபோய் வெச்சது அல்லா இல்ல. ரெண்டையும் ஒண்ணா போட்டுக் கொழப்பாத." மூச்சு வாங்கியது. "பாவம் ஜரீனா, மங்கிட்டான்னு சொல்றாங்களாம். தானா மங்கினேன்னு நீயும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்றேன். அதனால்தான் வாட்ஸ்அப்பில் அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு கோபம்.

இறந்த பிறகு கம்பெனிக்கு அவர் மேல் பாசம் வந்துவிட்டது. அடையாள அட்டைப் போட்டோவைப் பெரிதாக்கி, கலரில் பிரிண்ட் எடுத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு ஆபீஸ் வாசல் கண்ணாடியில் ஒட்டினார்கள். மேற்குப் பார்த்த கண்ணாடி. வேறு இடமே கிடைக்கவில்லை போலும். தினமும் ஷிப்ட் முடிந்து போகும்போது பார்ப்பேன். முதலில் உதட்டின் சிவப்பு போனது. பிறகு கன்னம். பிறகு மூக்கு எங்கே முடிகிறது என்று தெரியாமல் போனது. தலையைச் சுற்றிப் போட்டிருந்த கறுப்புத் துணிக்குள்ளே வெறும் வெள்ளை. என் கண் முன்னாலேயே இன்னொரு தரம் நடந்தது. நாளைக்குக் கிழித்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் போனால் கண்ணாடியில் டேப்பின் தடம்தான் இருந்தது. யாரோ முந்திக்கொண்டார்கள். நான் இப்போது குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன், கலர் துண்டுகள் இருக்கிற இரும்பு பீரோவின் சாவி என் பொறுப்பு. மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் தனபால் வந்து நின்றார். கையில் ஒரு கறுப்புக் கவர்.

"பீரோவத் தொறம்மா" என்றார்.

"எந்த ஷேடுண்ணா?"

"தொற, சொல்றேன்."

திறந்தேன். அவர் கவரிலிருந்து அந்தப் பிரிண்டைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். நாலு ஓரத்திலும் ஒட்டியிருந்த டேப்பை உரித்திருந்தார். டேப்புக்கு அடியில் இருந்த இடம் மட்டும் கலர் மாறாமல் இருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம், இருவருக்கும் ஒரே ஞாபகம். மறுபடி உள்ளே தள்ளி, மற்றக் கவர்களோடு சேர்த்து நிற்க வைத்தார். இத்தனை வருஷமாக அந்த விஷயத்தைப் பற்றி வாயே திறக்காத மனுஷன்.

"வெயில்ல வெச்சிருந்தாங்கம்மா" என்றார். பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் மேல் இருந்த என் ஆத்திரம் அப்போதுதான் போனது. எங்கே போனது என்று கேட்டால் தெரியாது.

ஆபாவின் இங்கிலீஷ் எனக்கு வரவில்லை. அந்த அகராதி அண்ணன் மகனிடம் இருக்கிறது, அவனும் பிரிப்பதாகத் தெரியவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரே ஒரு கேள்விதான். அதை எப்போது வெளியே எடுப்பேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. போன வாரம் எடுக்க வேண்டி வந்தது.

சின்னவர் ரவுண்டு வந்தார். இப்போது அவர்தான் முதலாளி. வாசல் கண்ணாடியைக் காட்டி, "அங்க ஜரீனா ஆபா போட்டோ இருந்துச்சே, எங்க?" என்று கேட்டார்.

"எடுத்துட்டோம் சார். மங்கிட்ச்சு."

"அதுக்குள்ளயா?" கண்ணாடியையும் அதில் அடிக்கிற வெயிலையும் பார்த்து முகத்தைச் சுளித்தார். "போயும் போயும் இங்கயா மாட்டுவாங்க? வெயில்ல வெச்சது யாரு?"

கூட வந்த மேனேஜர்கள் தரையைப் பார்த்தார்கள். தனபால் தூரத்தில் நின்றிருந்தார், அவர் மட்டும் என்னைப் பார்த்தார்.

"அதத்தான் சார் ஆபாவும் கேட்டாங்க" என்றேன்.

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்தது. ரவுண்டை அதோடு முடித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

இதை எழுதுகிற இன்று வரை என் மேசை அதே இடத்தில்தான் இருக்கிறது. பீரோ சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கு இரண்டில் ஒன்று இடம் மாறினால், அது தானாக நடந்தது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.